கன மீட்டரில் சொல்லுங்கள், சம்பந்தி

ஜனவரி 18

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒற்றுமையாக இருக்கிறோம். உங்கள் இருமல் விட்டதா? போன தடவை போனில் நீங்கள் பேசியதைவிட இருமியதுதான் அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. போனில் நீங்கள் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, நான் ஆரம்பித்தால் நீங்கள் விடுவதில்லை. தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பையனுக்கும் என் பெண்ணுக்கும் இப்போது இருக்கிற நாட்டில் வேலை ஒப்பந்தம் ஆகஸ்ட்டோடு முடிகிறது. உங்கள் நாட்டிலும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், எங்கள் நாட்டிலும் கூப்பிடுகிறார்கள். நீங்கள் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள், நான் பெண்ணை. நாலு வாரமாகக் கயிறு இழுத்ததில் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நான் கூரைச் சட்டம் அடிக்கிற தச்சன். இவ வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறவ. எந்த நாட்டுல மரம் அதிகமா வந்து இறங்குதோ அங்கதான் வீடு எழும்பும். ரெண்டு அம்மாவும் கணக்குப் பார்த்து, ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. எந்த நாடு மேல இருக்கோ அங்க வர்றோம். அதுவரைக்கும் தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க."

இருபத்தாறு வருஷமாகச் சுங்க அலுவலகப் புள்ளிவிவரப் பிரிவில் மேசையைத் தேய்ப்பவளிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா? ஒழுங்காக விதி போட்டுவிடுவோம். வெளிநாட்டிலிருந்து வந்த, கூரைக்குப் போடுகிற அறுத்த மென்மரம் மட்டும். பத்து வருஷக் கணக்கு. அரசாங்கம் அச்சடித்த ஆண்டுப் புத்தகத்தில் உள்ள மதிப்பு, டாலரில். உங்கள் நாட்டுக் கணக்கை நீங்கள் அனுப்புங்கள், எங்களுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வருஷம் பத்தொன்பது கோடி, போன வருஷம் இருபத்தேழு கோடியே நாற்பது லட்சம். ஏறுமுகம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

என் அருமைச் சம்பந்திக்கு,

இருமல் ஓடிப்போய்விட்டது. அது இருமலே இல்லை, மரத்தூள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அந்த மாத்திரைகளை நம்பாதீர்கள்.

பந்தயத்துக்கு நான் தயார். தோற்கப் போவது நீங்கள்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு கஷ்டப்படக் கூடாது. உங்கள் புத்தகத்தில் மென்மரம். நாங்கள் பைன் என்போம். பேரே தெரியாமல் இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறீர்கள், பாவம்!

என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் இல்லாமல் இந்தப் பொம்பளை மரக்கடையை எப்படி நடத்துவாள் என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது வாயைப் பொத்திக்கொண்டார்கள். லாரி ஒன்று போனால் ஒன்று. வாசலில் பலகை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கிறது, சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூச்சு விட நேரமில்லை. காலை பத்து மணிக்கு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், மணி ஒன்று ஆகிவிட்டது. இதோடு மூன்று தாள் கிழித்துப் போட்டேன், எழுத்து அழகாக வரவில்லை என்று.

எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் போய் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். முதல் வருஷம் இருபத்து நாலு கோடி. போன வருஷம் இருபத்தொன்பது கோடியே அறுபது லட்சம். நடுவில் உள்ளவை பின்பக்கத்தில். இப்போது சொல்லுங்கள், யார் மேலே?

மருமகளுக்கு மாடி அறையா கீழ் அறையா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
மரக்கடைக்காரி


பிப்ரவரி 20

சம்பந்திக்கு,

உடம்பு பரவாயில்லை. மனசுதான் சரியில்லை, காரணம் உங்களுக்கே தெரியும்.

கட்டத் தாளில் பத்து வருஷத்தையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். எங்களுக்கு நீலம், உங்களுக்குச் சிவப்பு. ஒரு வருஷமாவது சிவப்பு கீழே வரும் என்று பார்க்கிறேன், வரவே இல்லை. மேலேயே போகிறது திமிராக. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, இந்தச் சிவப்பு மேல உங்களுக்கு என்ன கோபம்? தாள் கிழியுற மாதிரி இழுத்திருக்கீங்க" என்றாள்.

எனக்கு இருப்பது ஒரே பெண். கல்யாணமாகிப் போனதிலிருந்து ஆறு வருஷத்தில் மொத்தமாக எழுபது நாள் என்னோடு இருந்திருக்கிறாள். எண்ணி வைத்திருக்கிறேன். எண்ணுவதுதானே என் உத்தியோகம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் ஆண்டுப் புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படி எடுத்து அனுப்புங்கள்.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சம்பந்தி


மார்ச் 6

தோற்றுப்போன என் அன்புச் சம்பந்திக்கு,

காதை மூடவில்லை, நீங்கள் அழுகிற சத்தம் கேட்க வேண்டுமே!

கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுபது நாள் என்று படித்ததும் கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். என் பையனை நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. சரக்கு இறக்குகிற ஆட்கள் ரெண்டு பேரையுமே அடிக்கச் சொன்னேன். ஒரு வாரம் முழுக்க அதே வேலை. நன்றாக வந்திருக்கிறது என்று கடை அலுவலக அறைக்கும் அடிக்கச் சொன்னேன். அதுவும் முடிந்ததால் சுற்றுச் சுவருக்கு அடிக்கிறார்கள். கடையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

நீங்கள் கேட்ட பொடி எழுத்துப் பக்கம் இத்துடன் இருக்கிறது. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்துவிட்டுச் சமர்த்தாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒத்தடம் கொடுக்கிறீர்களா இல்லையா?

வெற்றிக் களிப்புடன்,
மரக்கடைக்காரி


மார்ச் 21

சம்பந்தி! சம்பந்தி!

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பதினேழாவது குறிப்பைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். உங்கள் நாட்டில் மரம் வந்து இறங்குகிற துறைமுகத்தில் வைத்து மதிப்புப் போடுகிறார்கள். அதாவது மரத்தின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்தி. எங்கள் நாட்டில் மரம் ஏற்றுகிற துறைமுகத்தில் என்ன விலையோ அதுமட்டும்தான். கப்பல் கூலி கிடையாது, ஒன்றும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவள் பக்கத்தில் குதிகால் செருப்புப் போட்டுக்கொண்டு நின்று, "பார், நான்தான் உயரம்" என்று சொல்லியிருக்கிறீர்கள்!

இருபத்தாறு வருஷமாக இதே வேலையில் இருந்துவிட்டு, விதி போட்ட அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். மதிப்பு என்று எழுதினேனே தவிர, எந்த இடத்து மதிப்பு என்று எழுதவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான். பெண் வருகிறாள் என்ற ஆசையில் புத்தி எங்கேயோ போய்விட்டது.

பழைய பதிவேடுகளை எடுத்து, வருஷா வருஷம் எங்களுக்கு எவ்வளவு கப்பல் கூலி, எவ்வளவு காப்பீடு என்று தேடிச் சேர்த்தேன். ஒன்பது நாள் மதியச் சாப்பாடு மேசையிலேயே. போன வருஷம் எங்கள் கணக்கு முப்பத்தொரு கோடியே ஐம்பது லட்சம்! நீலம் மேலே, சிவப்பு கீழே! ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல் வித்தியாசம். பக்கத்து மேசைக்காரியைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

வெள்ளை அடித்த அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள்.

தலைகால் புரியாத,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்திக்கு,

நீங்கள் நலமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. துள்ளுகிறது.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கப்பல் கூலியாம், காப்பீடாம்! நான் ஒன்று கேட்கிறேன். கூரையில் டாலரையா அடிக்கிறார்கள்? மரக்கடைக்கு வருகிறவன் "அஞ்சு லட்சத்துக்கு மரம் கொடு" என்றா கேட்பான்? இத்தனை கன மீட்டர் வேண்டும் என்பான். விலை இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். மரம் மரம்தான். உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மரம் என்றால் காகிதம். அதுதான் இந்தக் கோளாறு.

என் பையன் கேட்டது என்ன? எங்கே மரம் அதிகமாக இறங்குகிறது என்றுதான். பணத்தைக் கேட்கவில்லை. அதனால் கன மீட்டரில் சொல்லுங்கள், சம்பந்தி! பத்து வருஷமும் கன மீட்டரில். நீங்கள் வாங்குவது எல்லாம் விலை கூடின மரமாக இருக்கும், நாங்கள் வண்டி வண்டியாக இறக்குகிறோம். கன மீட்டரில் போட்டால் உங்கள் நீலம் எங்கே போய் ஒளிகிறது என்று பார்க்கிறேன். எங்கள் நாட்டு அளவுப் பக்கங்களைச் சங்கத்தில் படி எடுத்து அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் படித்துப் பார்க்கவும் பொறுமை இல்லை, கூட்டிக் கழிக்கிறது உங்கள் பாடு.

சரக்கு இறக்குகிறவர்களை ஒரு மாசம் ஊருக்குப் போய்வரச் சொல்லிவிட்டேன். வெள்ளை அடித்துக் களைத்துப்போனார்கள். கடையில் நான் மட்டும்தான். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

விடமாட்டேன்,
மரக்கடைக்காரி


மே 19

அன்புள்ள சம்பந்திக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

ஆறு வாரம் தாமதமாக எழுதுகிறேன். கணக்கு ரெண்டே நாளில் முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் எழுத முடியவில்லை.

நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மரத்தை மரமாகத்தான் அளக்க வேண்டும். எங்கள் நாட்டுக்குப் பத்து வருஷத்துக்கு முன் பத்து லட்சம் கன மீட்டர் வந்தது, போன வருஷம் பதினொரு லட்சம். பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, என் ஏறுமுகம் பாதிக்கு மேல் வெறும் விலை. உங்கள் நாட்டுக்கு அப்போது பன்னிரண்டு லட்சம் வந்தது. போன வருஷம் ஏழே முக்கால் லட்சம். கப்பல் சுற்றுப்பாதையில் வருவதால் கூலி மூன்று மடங்கு, மரத்தின் விலையும் ஏற்றம். அதனால்தான் டாலரில் பார்த்தபோது கோடு கம்பீரமாக நின்றது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரமே காணாமல் போயிருக்கிறது. அதிலும் சரிவு முழுக்க இந்த நாலு வருஷத்தில்.

முதலில் குதித்தேன், ஒளிக்க மாட்டேன். "ஜெயித்தாயிற்று, பெண் வருகிறாள்" என்று அலுவலக மாடிப்படியில் முழங்கால் வலியை மறந்து ஓடினேன். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். லாரி ஒன்று போனால் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். காலை பத்திலிருந்து ஒன்று வரை அழகான எழுத்தில் கடிதம் எழுத உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. சரக்கு இறக்குகிறவர்கள் சுற்றுச் சுவர் வரை வெள்ளை அடித்திருக்கிறார்கள். இப்போது ஊருக்கே போய்விட்டார்கள்.

சம்பந்தி, உங்கள் கடைக்கு மரம் வருகிறதா?

கன மீட்டர் தாளில் என் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுடையதும் இருந்தால்தான் பிள்ளைகளுக்குச் செல்லும். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள். டாலர் தாளையே அனுப்புவோம், அதில் வித்தியாசம் கொஞ்சம்தான், கிட்டத்தட்டச் சமம் என்று எழுதிவிடலாம். எனக்குப் பெண் வேண்டும், ஆனால் உங்களைத் தலைகுனிய வைத்து வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 11

அன்புள்ள சம்பந்திக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரைத் தினமும் வாசலில் மறித்து இம்சை பண்ணுகிறேன். போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டு இல்லாமல் போரடிக்கிறது.

சம்பந்தி


ஜூன் 27

என் அன்புச் சம்பந்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கத்துக்கு மருந்து உண்டா என்று தெரியவில்லை.

மரம் வரவில்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது என்று எழுதினேனே, அது ஒரே ஒரு வரிசை. சாலைப் பக்கம் மட்டும். அதற்குப் பின்னால் போய் நின்றால் சுவர் வரை வெறும் தரை, நாலு பந்தி போட்டுச் சாப்பிடலாம். இந்த வருஷம் மொத்தமே மூன்று லாரி. ஒவ்வொரு வாரமும் பையனிடம் போனில் "கடை ஜோரா ஓடுது, நீ வந்து கல்லாவில உட்கார்ந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு தடவை சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் பாருங்கள். டாலரிலேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கன மீட்டரில் சொல்லுங்கள் என்று நான்தானே குதித்தேன்! என் கையாலேயே படி எடுத்து அனுப்பினேனே!

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். உங்கள் தாளைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் கடையில் உட்கார்ந்து அந்தச் சரிவை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். நாலு வருஷம். என் வீட்டுக்காரர் போன அதே நாலு வருஷம். என் கையில் வந்ததால்தான் கடை படுத்தது, எனக்குச் சாமர்த்தியம் இல்லை, எதிர்க்கடைக்காரன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறான் என்று நினைத்து நினைத்து நான் தூங்காத நாள் எத்தனை தெரியுமா? நாட்டுக்கே மரம் வரவில்லை, சம்பந்தி! எதிர்க்கடைக்காரனுக்கும் வரவில்லை! எழுந்து எதிர்க்கடைக்கு நேராகப் போய், "உன் வரிசைக்குப் பின்னாடி என்ன இருக்கு, காட்டு" என்றேன். அவன் முழித்தான். பிறகு சிரித்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கயும் ஒண்ணுமில்லையா?" என்றான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குத்தான் நாலு வருஷத்துக்கு அப்புறம் எனக்கு நன்றாகப் பசித்தது.

கன மீட்டர் தாளில் கையெழுத்துப் போட்டு நேராகப் பிள்ளைகளுக்கே அனுப்பிவிட்டேன். கூடவே கடையின் நிலவரத்தையும் ஒன்று விடாமல் எழுதினேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மருமகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், என் பையனையும். அவனுக்குக் காலையில் எழுந்ததும் யாராவது பேசினால் பிடிக்காது. டீ குடிக்கிறவரை விட்டுவிடுங்கள்.

உங்கள்
மரக்கடைக்காரி


ஜூலை 16

என் சம்பந்திக்கு,

நான் நன்றாக இல்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன். ரெண்டும் ஒன்றாக வரும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

நேற்று என் பெண் போன் செய்தாள். அறையை ஒழித்துவிட்டேன், அலமாரி வாங்கிவிட்டேன், உன் படப்பலகைக்கு ஜன்னல் பக்கத்திலேயே இடம் விட்டிருக்கிறேன் என்று நான் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்:

"அம்மா, நீ ஜெயிச்சுட்டே. அதனாலதான் நாங்க அத்தைகிட்ட போறோம்."

எனக்குப் புரியவில்லை. இது என்ன நியாயம், பந்தயம் என்றால் பந்தயம் இல்லையா, இந்தக் கணக்குக்காக நான் ஒன்பது நாள் மேசையிலேயே சாப்பிட்டேனே என்று கத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அங்க புது வீடு எழும்பலன்னா பழைய வீட்டுக் கூரையெல்லாம் ஒழுகும்மா. அதை யாராவது மாத்தித்தானே ஆகணும்? அத்தை கடையில அவ்வளவு இடம் சும்மா கிடக்கு. இவரு பிரிச்ச பழைய மரத்தை வச்சு அங்கயே சட்டம் அடிக்கலாம், நான் படம் போடலாம். உங்க ஊர்ல பதினோரு லட்சம் கன மீட்டர் நாங்க இல்லாமலேயே வந்து இறங்கும். அங்க அத்தை தனியா நிக்கிறாங்க."

நானும் தனியாகத்தானே இருக்கிறேன் என்று வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், உங்கள் மேல் ஆத்திரமாகக்கூட இருந்தது. மரமும் இல்லை, கணக்கும் இல்லை, பெண்ணை மட்டும் தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று. அப்புறம் முகம் கழுவினேன். என் பெண்ணை நான்தானே இப்படி வளர்த்தேன், இப்போது யாரிடம் போய்க் குறை சொல்ல?

இன்று காலை அலுவலகத்தில் விடுப்புக் கேட்டேன். சேர்ந்து கிடக்கிற விடுப்பு நூற்றுப் பத்து நாளாம், எனக்கே தெரியாது. மொத்தத்தையும் எழுதிக் கொடுத்தேன். "எங்க போறீங்க?" என்று மேலதிகாரி கேட்டார். "இத்தனை வருஷமா மரத்தைப் பத்தியே எழுதுறேன், ஒரு பலகையைக்கூடக் கையால தொட்டதில்லை. தொட்டுப் பார்க்கப் போறேன்" என்றேன்.

பிள்ளைகள் ஆகஸ்ட் இருபதாம் தேதி அங்கே வருகிறார்கள். நான் பதினெட்டாம் தேதியே வந்துவிடுகிறேன், டிக்கெட் வாங்கியாயிற்று. உங்கள் பையன் கடைக்குள் வந்து, வரிசைக்குப் பின்னால் போய் அந்த வெறும் தரையைப் பார்க்கும்போது நீங்கள் தனியாக நிற்க வேண்டாம்.

வருகிறேன்,
உங்கள் சம்பந்தி